கோணல் வீட்டில் ஒரு நேர்க்கோடு

எங்கள் ஆரோ லேசி கிராமத்தின் பேக்ஹார்ஸ் மதுவிடுதிக்குள் முதன்முறை நுழைகிற எவரும், மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "உங்க கவுண்டர் சாஞ்சிருக்கே!"

விடுதியை நடத்தும் மேவிஸ் ப்ரீஸ் கையிலிருக்கும் துணியைக் கீழே வைப்பார். கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்து மஞ்சள் மைக்கா பரப்பின்மேல் வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவுக்கு வந்து அசையாமல் உட்கார்ந்துகொள்ளும்.

"கவுண்டர் நேராத்தான் இருக்கு, கண்ணு. மத்ததெல்லாந்தான் சாஞ்சிருக்கு. உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

இதில் மிகை எதுவும் இல்லை. அந்த வீட்டில் கவுண்டரைத் தவிர நேரான பொருள் வேறு கிடையாது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு தச்சர்கள் பச்சை ஓக் மரத்தை அறுத்து, புல்வெளியில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, பொருத்துக்குப் பொருத்து எண் கீறி, பிறகு முழு வீட்டையும் எலும்புக்கூடு போலத் தூக்கி நிறுத்தினார்கள். இடைவெளிகளில் படல் கட்டி மண்ணை அப்பினார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. ஆகவே பச்சையில்தான் வேலை செய்தாக வேண்டும். பச்சையில் செய்த வேலை காயும்போது முறுக்கிக்கொள்ளும். ஆக, உறுதியான வீடு வேண்டுமென்றால் கோணல் வீட்டுக்குச் சம்மதித்தாக வேண்டும். போதாக்குறைக்கு நூறு வருடம் கழித்து யாரோ நடுவில் ஒரு செங்கல் புகைபோக்கியைக் கட்டினார்கள். புகைபோக்கி இன்றுவரை கட்டிய இடத்தில் நிற்கிறது. சுற்றியிருக்கும் வீடு மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. கணப்புப் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் போவதற்குள் தரை நன்றாக ஒரு அடி இறங்கிவிடும். பேக்ஹார்ஸில் குடித்த பிறகுதான் நேராக நடக்க வருகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வதுண்டு.

அந்த வீட்டின் உத்தரங்கள் உடைந்துபோன ஸ்பானியப் போர்க்கப்பல்களிலிருந்து வந்தவை என்று எங்கள் ஊரில் ஆளாளுக்குச் சத்தியம் செய்வார்கள். கடல் இங்கிருந்து நூறு மைல். வீடு எழும்பி நூறு வருடம் ஆன பிறகுதான் அந்தக் கப்பல்களே வந்து உடைந்தன. இவை இரண்டும் இதுவரை யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

மேவிஸ் இந்த ஊர்க்காரர் அல்ல. டட்லி என்ற நகரத்தின் தொழிற்சாலைப் புகையில், எல்லா மூலையும் மூலையாக இருக்கும் நகராட்சி கட்டிய ஒரு வாடகை வீட்டில் பிறந்தவர். தகப்பனார் ஹோரஸ் டிம்மின்ஸ் கொத்தனார். செப்டம்பர் வந்தால் அந்தப் பக்கத்துப் பெண்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு லாரியில் ஏறி, பியருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப் பூவைப் பறிக்க எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் விடுமுறை. விடுமுறை என்ற பெயரில் பொழுது விடிந்து சாயும்வரை பூப்பறிப்பார்கள். அப்படி வந்த ஒரு செப்டம்பரில் மேவிஸ், லென் ப்ரீஸைப் பார்த்தார். லென் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் அடுக்கியிருந்தார். அதில் மயங்கித்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாக மேவிஸ் சொல்வார். அந்த மூட்டைகளை அடுக்கியது தன் அண்ணன் என்பதை லென் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

லென்னின் அப்பா நடத்திவந்த விடுதிதான் பேக்ஹார்ஸ். கட்டடம் பியர் கம்பெனிக்குச் சொந்தம். ப்ரீஸ் குடும்பம் குத்தகைக்கு இருந்தது. மகள் வாழப்போகும் வீட்டைப் பார்க்க ஹோரஸ் டிம்மின்ஸ் வந்தார். சம்பந்தியிடம் கைகுலுக்கியதும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து முதலில் தரையில் வைத்தார். பிறகு ஜன்னல் விளிம்பு. பிறகு கணப்பின் மேற்கட்டை. பிறகு மேஜை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீழ்க்கை அடித்தார். கடைசியில் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயாடீ குடித்தனம் பண்ணப்போற?"

கல்யாணப் பரிசாக அவரே வந்து ஒரு வாரம் தங்கி இந்தக் கவுண்டரைக் கட்டிக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் உலகத்திலேயே புதுமையான பொருள் மைக்காதான். கஸ்டர்டு மஞ்சள் நிறத்தில், வெள்ளி விளிம்பு வைத்து. வீடு எப்படியோ போகட்டும் என்று கவுண்டரை அவர் ரசமட்டத்துக்கு மட்டும் பணிந்து கட்டினார். பின்பக்கம் மகள் நிற்கவும் சமமான ஒரு மரமேடை போட்டார்.

விளைவு விசித்திரமானது. தரை சரிகிறது, கவுண்டர் சரியவில்லை. ஆகவே கணப்புப் பக்கத்தில் கவுண்டர் இடுப்பு உயரம், ஜன்னல் பக்கத்தில் நெஞ்சு உயரம். குள்ளமானவர்கள் கணப்புப் பக்கமும் நெட்டையானவர்கள் ஜன்னல் பக்கமும் நிற்பது தானாகவே வழக்கமாகிவிட்டது. கணப்போரம் ஆர்ச்சி லெல்லோ. ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர், ஆட்டைவிடச் சற்றே உயரம். ஜன்னல் கோடியில் கிளெம் விட்டல். தேவாலயத்தில் மணியடிக்கிறவர், கதவுக்குக் கதவு நெற்றியில் அடிபட்டவர். நெட்டையர்களுக்கு ஊதல் காற்று, குள்ளர்களுக்குக் கதகதப்பு. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு நீதி கிடைத்ததில்லை என்பது ஆர்ச்சியின் கருத்து. புதியவர் யார் வந்தாலும் மேவிஸ் தலை முதல் கால் வரை ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு மூணாவது ஸ்டூலுக்கு அந்தப் பக்கம்" என்று இடம் சொல்வார். தவறியதில்லை. வயதாக ஆக ஆள் குறுகுவது இயற்கை. எங்கள் ஊரில் அப்படிக் குறுகியவர்கள் ஓரிரு இடம் கணப்பை நோக்கி நகர்ந்துகொள்வார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு ஒரு பைன்ட் பியர் மட்டும் இனாமாக வரும்.

கவுண்டர் தவிர்த்த மீதி வீட்டோடு மேவிஸ் போரிட்டார். கட்டில் கால்களுக்கு வெவ்வேறு உயரத்தில் செங்கல். முட்டை பொரித்தால் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும் என்பதால் அடுப்புக்கு அடியில் ஓட்டுச் சில்லு. அலமாரிக் கதவு தானாகத் திறக்காமலிருக்கக் கயிறு. மகள் ஜில் அந்தத் தரையில் நடை பழகியவள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் அங்கே சமமான தரையில் கால் வைத்ததும் தடுமாறி விழுந்தாள். "தரை சரியில்ல" என்று ஆசிரியையிடம் புகார் சொன்னாள்.

ஆனால் வெளியூர்க்காரர் யாராவது வீட்டைக் குறை சொன்னால் மேவிஸ் பாய்ந்துவிடுவார். திட்டும் உரிமை அவருக்கு மட்டும்.

இந்தப் போரில் அவருடைய நிரந்தர எதிரி மாவட்டக் கவுன்சிலின் பழங்கட்டட அதிகாரி டெனிஸ் ஹெஸ்கெத். மெலிந்த மனிதர்; சட்டைப்பையில் எப்போதும் பென்சில். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஒரு ஆணியை மாற்றவும் அவருடைய அனுமதி வேண்டும். மேவிஸ் பிளாஸ்டிக் ஜன்னல் கேட்டார், கிடையாது. தரையைக் கான்கிரீட் போட்டுச் சமப்படுத்தக் கேட்டார்; ஹெஸ்கெத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு மேவிஸ் கேட்பதையே நிறுத்திக்கொண்டார். எழுபத்தொன்றில் ஒரு குளிர்காலம், "பெயின்ட் வேலை" என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டு, விடுதிக் கூடத்தின் கூரையையும் சுவரையும் ஜிப்சம் பலகையால் மூடிவிட்டார். கறுத்த உத்தரங்கள், ஒட்டடை, வண்டு துளைத்த தூள் எல்லாம் உள்ளே போய்விட்டன. வெள்ளை வெளேரென்று வழவழப்பான கூரை வந்தது. ஊருக்கே தெரியும், ஹெஸ்கெத்துக்கு மட்டும் தெரியாது. அவர் எப்போதாவது வந்து எலுமிச்சைப் பானம் வாங்கிக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். மேவிஸ் அவர் கிளம்பும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இருபத்து சொச்சம் வருடம் அவர்கள் இருவரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பியர் கம்பெனிக்குப் பழமைமேல் ஆசை வந்தது. பழைய விடுதிகளையெல்லாம் இன்னும் பழையதாக்கிவிட வேண்டும் என்று தீர்மானித்து, ரூபர்ட் ஆல்கொட் என்ற வடிவமைப்பாளரை அனுப்பினார்கள். நல்ல பையன். யாரிடமும் கோபமாகப் பேசத் தெரியாது. வந்ததும் வெள்ளைக் கூரையைப் பார்த்து வருத்தப்பட்டான்.

"வெளியில அவ்வளவு அழகா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லையே, மிஸஸ் ப்ரீஸ்."

"நீங்க என்ன பண்ணப்போறீங்க, கண்ணு?"

"உத்தரம் வைக்கப்போறோம். அச்சு அசல் ஓக் மாதிரியே இருக்கும். தூக்கிப் பாத்தாத்தான் பிளாஸ்டிக்குனு தெரியும்."

லென் இருமிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். சிரிப்பை அடக்க அவருக்கு அது ஒன்றுதான் வழி. ஓக் உத்தரத்தின்மேல் ஜிப்சம் பலகை, அதன்மேல் ஓக் போன்ற பிளாஸ்டிக் உத்தரம். மேவிஸுக்கு இதில் ஆட்சேபமே இல்லை. பிளாஸ்டிக்கில் வண்டு துளைக்காது. அடுத்த வாக்கியம்தான் அவரை உலுக்கியது.

"அப்புறம் இந்தக் கவுண்டரை எடுத்துருவோம். புது ஓக் கவுண்டர். சங்கிலியால அடிச்சு அடிச்சு முந்நூறு வருஷம் பழசாக்கித் தருவாங்க. தரையோட போக்குலயே ஓடும். இப்ப இது போட்டோவுல பாத்தா கண்ணை உறுத்துது."

"போட்டோ எடுக்கறவன் சாஞ்சு நின்னு எடுக்கட்டும்."

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க. இது அறுபத்திரண்டுல போட்டது. சரித்திரம் இல்லையே. இதுக்கு யாரும் அனுமதிகூடக் கேக்கமாட்டாங்க."

மேவிஸ் துணியை எடுத்தார். கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளி விளிம்பைத் திருகி முடிக்கும்போது ஹோரஸ் டிம்மின்ஸுக்கு எழுபதை நெருங்கும் வயது. மகளுக்கென்று அவர் செய்த கடைசி வேலை அது. இதை மேவிஸ் யாரிடமும் சொன்னதில்லை. லென்தான் எனக்குச் சொன்னார்.

நிலைமையை மோசமாக்கியவர்கள் நாங்கள்தான். பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஆர்ச்சி யோசனை சொல்ல, ரூபர்ட் கொண்டுவந்திருந்த வார்னிஷ் பூசிய மாதிரிப் பலகையைப் பீப்பாய்களின்மேல் தரையின் சாய்வுக்கே படுக்க வைத்தோம். பார்க்க அத்தனை ஒழுங்கு. "அடேயப்பா, இப்பத்தான் கவுண்டர் நேரா இருக்கு" என்றார் கிளெம். லென் பழக்கதோஷத்தில் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, கணப்புப் பக்கமாக ஒரு பைன்ட்டை வைத்தார்.

கோப்பை சற்று நேரம் யோசித்தது. பிறகு கிளம்பியது. ஆர்ச்சியைக் கடந்து, என்னைக் கடந்து, அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டே போய் ஜன்னல் கோடியில் கிளெமின் உள்ளங்கைக்குள் வந்து நின்றது. கிளெம் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எடுத்துக் குடித்தார்.

"நான் கேக்கவே இல்ல. தானா வந்து நிக்குது!"

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அரைமணி நேரத்துக்குள் பைன்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. ஆர்ச்சி ஸ்டூலில் ஏறி நின்று, எந்தக் கோப்பை முந்தும் என்று குதிரைப் பந்தயம் போல வர்ணனை செய்தார். ரூபர்ட்டே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மேவிஸ், போட்டுரு மேவிஸ் இந்தக் கவுண்டர! உனக்கு நடக்கற வேலையே மிச்சம்" என்றார் ஆர்ச்சி.

"முப்பத்து நாலு வருஷம் அந்தக் கணப்போரம் நின்னு குளிர் காஞ்ச ஆளுய்யா நீ. புதுசு வந்துச்சுன்னா எல்லாப் பக்கமும் ஒரே உயரம். கிளெமு வந்து உன் எடத்துல நிப்பான். யோசிச்சியா?"

ஆர்ச்சியின் வர்ணனை நின்றது. அவர் கிளெமைப் பார்த்தார். கிளெம் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாகப் பார்ப்பவர்போல.

ஆனால் வாடிக்கையாளர் மனம் மாறுவதால் கம்பெனி மனம் மாறாது. கவுண்டரைக் கழற்ற ஆட்கள் வரும் நாளும் குறித்தாகிவிட்டது. மேவிஸ் இரண்டு நாள் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் நடைவழியிலிருந்த தொலைபேசியை எடுத்தார். பேசி வைத்ததும் லென் வந்து நின்றார்.

"யாரைக் கூப்ட்ட?"

"ஹெஸ்கெத்தை."

"எந்த ஹெஸ்கெத்?"

"எத்தனை ஹெஸ்கெத்தைத் தெரியும் உனக்கு?"

லென் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அடியே, அந்த ஆளு உள்ள வந்து பாத்தாருன்னா கூரை மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வாரு. கேஸ்கூடப் போடுவாரு. அந்த உத்தரமெல்லாம் திரும்பவும் உன் தலைமேல வந்து நிக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

"உனக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே."

"ஆகாதுதான். இதை எடுக்கறதுக்கு அது தேவலாம்."

ஹெஸ்கெத் அன்று காலை விடுதி திறப்பதற்கு முன்பே வந்துவிட்டார். மேவிஸ் மழையைப் பற்றி எதுவும் பேசவில்லை. நேராகக் கூடத்தின் நடுவில் நின்று, கூரையை விரலால் காட்டி, எழுபத்தொன்றில் என்ன செய்தார் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "உங்ககிட்ட கேக்கல. கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. தூக்கில போடறதா இருந்தா போடுங்க. ஆனா இந்தக் கவுண்டரைத் தொடக்கூடாதுன்னு அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிட்டுப் போடுங்க."

ஹெஸ்கெத் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். இருபத்து சொச்சம் வருடம் பார்த்த அதே கூரை.

"நான் கோவப்படணும்னுதான் நெனைக்கறேன், மிஸஸ் ப்ரீஸ். ஆனா எனக்கு இப்ப அதைப் பிரிச்சுப் பாக்கணும்போல இருக்கு. ஏணி இருக்கா?"

ஏணி தேவைப்படவில்லை, செய்தி கேட்டு எங்களோடு முன்கூட்டியே வந்துவிட்ட கிளெம் இருந்தார். அவர் கையை உயர்த்தி நெம்புகம்பியை விளிம்பில் செருகினார். முதல் பலகை விழுந்ததும் தூசி, குளவிக்கூடு, எலி சேர்த்துவைத்த ஹாப் கொடி எல்லாம் ஒன்றாக இறங்கின. மேவிஸ் துடைப்பத்தோடு நின்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்தார். அடுத்தடுத்த பலகைகள் விழுந்தன. தூசி அடங்கியபோது தலைக்குமேல் உத்தரங்கள் தெரிந்தன. கறுப்பாக இல்லை, மூடிவைத்திருந்ததில் கரி உதிர்ந்து வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருந்தன. பொருத்துகளில் மரமுளைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. தச்சர்கள் கீறிய ரோமன் எண்கள் நேற்றுக் கீறியதுபோல இருந்தன. மூலைத் தூண்கள் மேலே போகப்போகப் பருத்திருந்தன. மரத்தைத் தலைகீழாக, வேர்ப்பக்கம் மேலே வர நட்டிருக்கிறார்கள், மூன்று உத்தரங்கள் வந்து உட்கார இடம் வேண்டுமல்லவா என்றார் ஹெஸ்கெத். குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

"ஸ்பெயின் கப்பல்" என்றார் கிளெம் பெருமையாக.

"இல்லவே இல்ல. பின்னாடி இருக்கற காட்டு மரம்."

"அப்டியா!" என்றார் கிளெம் மரியாதையாக. அன்று மாலையே அது மறுபடியும் ஸ்பானியக் கப்பலாகிவிட்டது.

ஹெஸ்கெத் ஜன்னல் பக்கத்துத் தூணுக்குப் போனார். அங்கே பெரிய உத்தரம் தூணின் தலையில் வந்து உட்காருகிறது. வீடு இறங்க ஆரம்பித்த இடம் அதுதான். கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பென்சிலைக் கையில் எடுத்தார், எதுவும் எழுதவில்லை.

"மிஸஸ் ப்ரீஸ், கொஞ்சம் வாங்க. இதைப் பாருங்க."

உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவே ஓர் ஓக் ஆப்பு அடித்திருந்தது. வீடு கட்டிய காலத்து உளிவேலை. அதன்மேல் இன்னும் மெல்லியதாக ஒரு எல்ம் மரத்துண்டு. அதன்மேல் இரண்டு சிலேட்டுச் சில்லுகள். அதற்கும் மேலே அகலமான ஒரு செங்கல் துண்டு. கடைசியில், தட்டித் தட்டையாக்கிய ஒரு குதிரை லாடம்.

"என்ன இது? குப்பையா?" என்றார் மேவிஸ்.

"வீடு எறங்க எறங்க ஒவ்வொரு காலத்துலயும் ஒருத்தர் வந்து மேல்மாடியைத் தூக்கி நேராக்கப் பாத்திருக்காங்க. இந்த முதல் ஆப்பு கட்டின தச்சனே அடிச்சது. பத்து வருஷத்துக்குள்ளயே திரும்பி வந்திருக்கணும் அவன். இந்த எல்ம் துண்டு அவன் பேரன் காலமா இருக்கலாம். இந்த லாடம் உங்க வீட்டுக்காரரோட முப்பாட்டனார் காலம்."

"லாடத்தப் பத்தி எங்கப்பா சொல்லவே இல்லையே" என்றார் லென்.

"அப்போ..." மேவிஸ் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "அப்போ இது கோணலா இருக்குன்னு மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் சண்டை போட்டிருக்காங்க."

"யாருமே ஜெயிக்கல."

"யாருமே ஜெயிக்கல" என்றார் ஹெஸ்கெத். "அதனாலதான் வீடு நிக்குது."

மேவிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விடுதிக்கூடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த லாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, மூச்சுவாங்க, பக்கத்திலிருந்த கிளெமின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பத்து நாலு வருஷமா எனக்குத்தான் கிறுக்குனு நெனச்சேன், கண்ணு. ஐந்நூறு வருஷமா இந்த வீட்ல ஒரு கிறுக்கு இல்லாம இருந்ததில்ல!"

ஹெஸ்கெத் கவுண்டரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். மஞ்சள் மைக்காவை உள்ளங்கையால் தடவினார். அவர் முகம் கொஞ்சம் கோணியது. அந்த நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெளிவாகவே தெரிந்தது.

"கம்பெனிக்கு நான் சொல்லிடறேன்" என்றார். "இந்த வீட்டோட சரித்திரம் கோணல் இல்ல, கோணலோட போட்ட சண்டை. அதுல கடைசியா அடிச்ச ஆப்பு இது. லாடத்தை எடுக்க விடமாட்டேன். இதையும் எடுக்க விடமாட்டேன்."

முதலில் கத்தியது ஆர்ச்சி. கணப்போரம் தன் இடத்துக்கு ஓடிப்போய் இரண்டு முழங்கையையும் கவுண்டர்மேல் ஊன்றி நின்றுகொண்டார், யாரோ பிடுங்க வருவதுபோல. லென் சைடர் என்னும் ஆப்பிள் மதுப் பீப்பாயைத் திறந்தார். திறக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை என்று ஹெஸ்கெத் நினைவூட்டினார். இத்தனை வருடம் சட்டத்தை மீறியாகிவிட்டது, இன்னும் ஒரு தடவை மீறினால் என்ன என்று லென் கேட்டதும் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டார். எலுமிச்சைப் பானம் அல்ல. மேவிஸ் அவரைத் தலை முதல் கால் வரை அளந்து பார்த்து, "நீங்க கிளெமுக்கு ரெண்டாவது ஆளு" என்று இடம் கொடுத்தார். எதிரி என்பதால் அவருக்கு மட்டும் மேவிஸ் இடம் சொன்னதில்லை; அத்தனை வருடமும் அவர் தவறான இடத்தில் நின்றிருக்கிறார்.

ரூபர்ட் மறுநாள் வந்து உத்தரங்களைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உத்தரங்களைத் திருப்பி எடுத்துப்போக வண்டி சொன்னான். அவனுக்கு ஏமாற்றமே இல்லை. அடுத்த வருடம் கம்பெனி வெளியிட்ட வண்ணக் கையேட்டில் எங்கள் கவுண்டரின் படம் முழுப்பக்கத்தில் வந்தது. படம் எடுத்தவன் சாய்ந்து நின்றுதான் எடுத்திருந்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் காலையின் கடைசிப் பேச்சை. இரண்டாவது கோப்பை சைடரில் ஹெஸ்கெத்தின் காது சிவந்திருந்தது. பென்சிலை மறுபடியும் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார். மேவிஸ் எதிரில் வந்து நின்றார்.

"ஆக, இதை இனிமே யாரும் தொட முடியாது?"

"முடியாது."

"கம்பெனி?"

"முடியாது."

"நான் செத்ததுக்கப்புறம் வர்றவங்க?"

"அவங்களும் முடியாது. ஒரு திருகாணியக்கூட மாத்த முடியாது."

"நான்?"

ஹெஸ்கெத் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்களும்தான், மிஸஸ் ப்ரீஸ்."

மேவிஸ் கவுண்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எங்கப்பா அன்னிக்குக் கடையில மஞ்சள்தான் இருந்துச்சுன்னு வாங்கிட்டு வந்துட்டாரு. அவரு மனசு நோகும்னு வாயைத் தொறக்கல. வர்ற வருஷம் நீலம் போடலாம்னு இருந்தேன்."

ஹெஸ்கெத் கண்ணை மூடித் திறந்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"கிடையாது" என்றார்.

"இவரு ஒருத்தரு!" என்று கத்தினார் மேவிஸ், அந்த வீட்டிலேயே அத்தனை சந்தோஷமாக அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை. "தொட்டதுக்கெல்லாம் கிடையாது, கிடையாது! பிளாஸ்டிக் ஜன்னல் கிடையாது, தரை கிடையாது, இப்ப நீலமும் கிடையாது! லென், இந்த ஆளுக்கு இன்னொரு கோப்பை ஊத்து!"